மணியில் ஏறிய இரும்புச்சத்து தட்டுக்கு வந்து சேருமா? சித்தூர், திருப்பதியில் கேழ்வரகு உயிரிச்செறிவூட்டல்: ஒரு விளக்கம்

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ராகி சங்கடி என்று அழைக்கப்படுவதும், எல்லைக்கு இப்பால் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் களி என்று அழைக்கப்படுவதும் ஒரே உணவுதான். அந்த உணவுக்குரிய கேழ்வரகில் இரும்புச்சத்தைப் பல மடங்கு கூட்டிய ரகம் ஒன்றை ஆந்திர மாநிலத்தின் வேளாண் பல்கலைக்கழகமே உருவாக்கியுள்ளது. மக்களில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் ரத்தசோகையுடன் வாழும் மாநிலத்தில் இது சிறிய செய்தியன்று. ஆயினும், ஆய்வு நிலையத்தில் விளைந்த சத்து மிக்க மணி வீட்டுத் தட்டை வந்தடைவதற்கு இடையே விதை, சந்தை, கொள்முதல், சமையல் எனப் பல படிகள் உள்ளன. அந்தப் படிகள் எவை, எங்கே தடை நிற்கிறது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

மறைபசி என்றால் என்ன?

வயிறு நிறைந்தும் உடல் பசித்திருக்கும் நிலையை வல்லுநர்கள் ‘மறைபசி’ என்கின்றனர். மாவுச்சத்து போதிய அளவு கிடைத்தாலும், இரும்பு, துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஏ போன்ற நுண்ணூட்டச்சத்துகள் கிடைக்காதபோது இந்நிலை ஏற்படுகிறது. இவை உடலுக்கு மில்லி கிராம் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் தேவை. ஆனால் அந்தச் சிறிய அளவு குறைந்தாலே களைப்பு, கவனக்குறைவு, அடிக்கடி நோய்த்தொற்று, பேறுகாலச் சிக்கல், குழந்தைகளின் வளர்ச்சித் தடை எனப் பாதிப்புகள் தொடர்கின்றன.

2019-21-ல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் பெண்களிடையே இது 58.8 சதவீதமாகவும், குழந்தைகளிடையே 63.2 சதவீதமாகவும் பதிவானது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு மட்டுமே காரணமன்று. வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலக் குறைபாடு, குடற்புழு, நோய்த்தொற்று, பரம்பரை ரத்தக் கோளாறுகள் ஆகியவையும் காரணமாகின்றன. எனினும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இரும்புச்சத்துக் குறைபாடே கருதப்படுகிறது.

ஒரு நாளைக்கு வயது வந்த பெண்ணுக்கு 29 மில்லி கிராம், ஆணுக்கு 19 மில்லி கிராம் இரும்புச்சத்து உணவில் இருக்க வேண்டும் என்பது 2020-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆகியவற்றின் பரிந்துரை. தட்டில் பெரும்பகுதி வெள்ளை அரிசிச் சோறாக இருக்கும் குடும்பத்தில் இந்த அளவை எட்டுவது கடினம்.

செறிவூட்டப்பட்ட அரிசியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டும் ஒரே நோக்கம் கொண்டவை, வழிகள் வேறு.

நியாய விலைக் கடைகளில் வழங்கப்படும் செறிவூட்டப்பட்ட அரிசியில், சத்து ஆலையில் சேர்க்கப்படுகிறது. அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து, அரிசி வடிவிலேயே மணிகளாக வார்க்கின்றனர். அந்த மணிகள் நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற விகிதத்தில் கலக்கப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்த இத்திட்டத்தை 2028 டிசம்பர் வரை தொடர 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கான மதிப்பீடு 17,082 கோடி ரூபாய். சோற்றில் சற்று வேறுபட்டுத் தெரியும் இந்த மணிகளைக் கண்டு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று மக்கள் ஐயுற்ற நிகழ்வுகள் பல மாநிலங்களில் நேர்ந்தன.

உயிரிச்செறிவூட்டல் என்பது, சத்தைச் செடியே மண்ணிலிருந்து கூடுதலாக உறிஞ்சித் தன் மணியில் சேமிக்கும்படி செய்வதாகும். ஆலையோ கலவையோ இதற்குத் தேவையில்லை. ஆண்டுதோறும் சத்துக்கலவைக்குச் செலவிட வேண்டியதும் இல்லை. ஒருமுறை நல்ல ரகம் உருவாகிவிட்டால், விதை பரவும் இடமெல்லாம் சத்தும் பரவும். தான் விளைவித்ததையே உண்ணும் சிறு விவசாயக் குடும்பத்துக்கும், சந்தைக்கே வராத மலைக் கிராமத்துக்கும் இது சென்றடையும் என்பதே இம்முறையின் சிறப்பாகக் கூறப்படுகிறது.

எப்படிச் செய்கிறார்கள்?

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, உரத்தின் வழியாகச் செறிவூட்டல். துத்தநாகக் குறைபாடுள்ள நிலத்தில் துத்தநாக சல்பேட் இடுவதும், கதிர் பிடிக்கும் பருவத்தில் இலைவழியாகத் தெளிப்பதும் மணியின் துத்தநாக அளவை உயர்த்துகின்றன. இரும்பைப் பொறுத்தவரை இம்முறை அவ்வளவாகப் பயன் தருவதில்லை. மண்ணில் இடும் இரும்பு விரைவில் பயிருக்குக் கிட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

இரண்டாவது, மரபுவழிப் பயிர்ப்பெருக்கம். விதை வங்கிகளில் சேமித்துள்ள ஆயிரக்கணக்கான நாட்டு ரகங்களின் மணிகளை ஆய்வு செய்து, இயல்பிலேயே சத்து மிகுந்தவற்றைக் கண்டறிகின்றனர். அவற்றை விளைச்சலும் நோய் எதிர்ப்பும் கொண்ட ரகங்களுடன் ஒட்டுச்சேர்த்தோ, நேரடியாகத் தேர்வு செய்தோ புதிய ரகத்தை உருவாக்குகின்றனர். மூன்றாவது, மரபணு மாற்றம். வைட்டமின் ஏ-வுக்கான முன்பொருளைக் கொண்ட ‘கோல்டன் ரைஸ்’ இதற்கு உதாரணம். பிலிப்பின்ஸ் நாடு 2021-ல் அதன் சாகுபடிக்கு அனுமதி அளித்தது. 2024-ல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியைத் தடுத்து நிறுத்தியது.

இந்தியாவில் இதுவரை வெளியான சத்து மிகுந்த நெல், கோதுமை, கம்பு, கேழ்வரகு ரகங்கள் மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல. அவை மரபுவழிப் பயிர்ப்பெருக்கத்தில் பிறந்தவை.

முன்னோடியான கம்பு

இத்துறையில் தென்னிந்தியாவுக்கு நீண்ட தொடர்பு உண்டு. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், மகாராஷ்டிரத்தின் மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகத்துடன் இணைந்து ‘தனசக்தி’ என்ற கம்பு ரகத்தை உருவாக்கியது. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு நாட்டு ரகம் ஒன்றின் வழிவந்த பழைய ரகத்திலிருந்து இரும்புச்சத்து மிகுந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து இது உருவாக்கப்பட்டது. கிலோவுக்கு 71 மில்லி கிராம் அளவுக்கு இரும்புச்சத்து கொண்ட இந்த ரகம் 2014-ல் நாடு முழுவதற்குமாக அறிவிக்கப்பட்டது.

அதன் தொடர்ச்சியாக 2018-ல் குறிப்பிடத்தக்க முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. புதிய கம்பு ரகம் எதுவாயினும் கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லி கிராம் இரும்பும், 32 மில்லி கிராம் துத்தநாகமும் இருந்தால் மட்டுமே வெளியிடப்படும் என்று விதி வகுக்கப்பட்டது. அதுவரை ரகத்தைத் தேர்வு செய்ய விளைச்சலும் நோய் எதிர்ப்புமே அளவுகோல்களாக இருந்தன. சத்தும் ஓர் அளவுகோலாக அன்றுதான் இடம்பெற்றது.

சித்தூரின் தானியம் எது?

சித்தூர் மாவட்டம் 1911-ல் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. 1960-ல் திருத்தணி பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று நெல்லூரின் சில பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் மாறியபோதும் உணவு மரபு மாறவில்லை. பலமனேர், குப்பம் போன்ற மேற்குப் பகுதிகளிலும், அவற்றை ஒட்டிய கர்நாடக, தமிழகக் கிராமங்களிலும் கேழ்வரகு மானாவாரிப் பயிராகவும் அன்றாட உணவாகவும் இருந்து வந்தது. குறைந்த மழையிலும் விளைந்து, பல ஆண்டுகள் பூச்சி தாக்காமல் சேமிப்பில் நிற்கும் தானியம் இது.

அரிசி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. 1983-ல் அன்றைய ஆந்திர அரசு கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. பஞ்சகாலப் பசியைத் தணித்த திட்டம் அது. ஆனால் வறண்ட நிலங்களின் தானியங்கள் தட்டிலிருந்து மெல்ல விலகியதும் அக்காலத்தில்தான். நாடு முழுவதும் 1950-களில் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேழ்வரகுப் பரப்பு இன்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளது.

அந்த மாற்றத்தில் தட்டு எதை இழந்தது என்பதை எண்கள் காட்டுகின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லி கிராம் சுண்ணாம்புச்சத்து, 4.62 மில்லி கிராம் இரும்பு, 2.53 மில்லி கிராம் துத்தநாகம் உள்ளன. அதே அளவு தீட்டிய பச்சரிசியில் சுண்ணாம்புச்சத்து 7.49 மில்லி கிராம், இரும்பு 0.65 மில்லி கிராம், துத்தநாகம் 1.21 மில்லி கிராம் மட்டுமே. சுண்ணாம்புச்சத்தில் மட்டும் வேறுபாடு ஏறத்தாழ 48 மடங்கு.

திருப்பதியில் ஆச்சார்ய என்.ஜி. ரங்கா வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், எஸ்.வி. வேளாண் கல்லூரியும் இயங்குகின்றன. நகருக்கு அருகே பெருமாள்ளபள்ளி ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகு ரகங்களை உருவாக்கி வருகிறது. அங்கு பிறந்த இரு ரகங்களுக்கு ‘வகுளா’, ‘திருமலா’ என்று பெயர். வகுளா என்பது தலபுராணத்தில் வேங்கடவனை வளர்த்த தாயின் பெயராகும்.

வேகவதியும் இந்திராவதியும்

சத்து மிகுந்த கேழ்வரகு ரகங்கள் அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு நிலையத்தில், வட ஆந்திராவின் விஜயநகரத்தில் உருவாயின. ‘வேகவதி’ எனப்படும் வி.ஆர். 929 ரகத்தில் கிலோவுக்கு 131.8 மில்லி கிராம் இரும்புச்சத்து உள்ளதாக இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் பதிவு செய்துள்ளது. 118 நாட்களில் முதிரும் இந்த ரகம், ஹெக்டேருக்குச் சராசரியாக 36.1 குவிண்டால் விளைச்சல் தருவதாகவும் அப்பதிவு கூறுகிறது. ஆந்திராவுடன் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்களின் காரிப் பருவத்துக்கு இது பரிந்துரைக்கப்பட்டுள்ளது.

‘இந்திராவதி’ எனப்படும் சி.எஃப்.எம்.வி. 1 ரகம், ஐதராபாத்தில் உள்ள இந்திய சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்டது. இதில் 100 கிராமுக்கு 428 மில்லி கிராம் சுண்ணாம்புச்சத்தும், கிலோவுக்கு 58 மில்லி கிராம் இரும்பும், 44 மில்லி கிராம் துத்தநாகமும் உள்ளன. 110 முதல் 115 நாட்களில் அறுவடைக்கு வரும். 2020 அக்டோபர் 16 அன்று, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 75-வது ஆண்டு நிறைவையொட்டிப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த 8 பயிர்களின் 17 ரகங்களுள் இதுவும் ஒன்று.

வேகவதியின் சிறப்பை மதிப்பிடும்போது ஒப்பீட்டு அடிப்படையைக் கவனிக்க வேண்டும். வழக்கமான ரகங்களில் கிலோவுக்கு 25 மில்லி கிராம் இரும்பு உள்ளதாக வேளாண் கவுன்சில் கொள்கிறது. உணவுச்சத்து அட்டவணையின் சராசரியோ 46 மில்லி கிராம். மண், ரகம், பருவம் ஆகியவற்றுக்கேற்ப இந்த அளவு மாறும். களத்தில் அடிக்கும்போது ஒட்டிக்கொள்ளும் செம்மண் தூசி கூட ஆய்வகத்தில் இரும்பின் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், மணியைச் சுத்தம் செய்து சோதிப்பது இத்துறையின் அடிப்படை விதி. எந்த அடிப்படையைக் கொண்டாலும் வேகவதியில் இரும்புச்சத்து மூன்று முதல் ஐந்து மடங்கு வரை அதிகம் என்பதே கணக்கு.

ஒரு நாளில் 200 கிராம் கேழ்வரகு மாவு உண்ணும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வழக்கமான மாவிலிருந்து அவர் உணவில் ஏறத்தாழ 9 மில்லி கிராம் இரும்பு சேரும். வேகவதி மாவாக இருந்தால், பதிவான அளவின்படி 26 மில்லி கிராம் சேரும். பரிந்துரைக்கப்பட்ட 29 மில்லி கிராமுக்கு அது மிக அருகில் வருகிறது.

உண்டது உடலில் சேருமா?

இங்குதான் கவனம் தேவை. தானியத்தில் இருக்கும் இரும்பு முழுவதும் ரத்தத்தில் கலப்பதில்லை. மிகச் சிறிய பங்கே உறிஞ்சப்படுகிறது. கேழ்வரகின் மேல்தோலில் உள்ள ஃபைடிக் அமிலமும், துவர்ப்புத் தன்மை தரும் டானின் போன்ற பொருட்களும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மிகுந்த சுண்ணாம்புச்சத்தும் இரும்பு உறிஞ்சப்படுவதைச் சற்றுக் குறைக்கும்.

இதற்கான தீர்வு பாரம்பரியச் சமையலிலேயே உள்ளது. கேழ்வரகை முளைகட்டும்போது ஃபைடிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி தூண்டப்படுகிறது. மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும்போதும் அதே பயன் கிடைக்கிறது. வைட்டமின் சி உள்ள எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஆகியவற்றைச் சேர்த்து உண்டால் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவது நேர்மாறான விளைவைத் தரும்.

ஆய்வு முடிவுகள் நம்பிக்கையும் எச்சரிக்கையும் கலந்தவையாக உள்ளன. மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயது வரையுள்ள 246 பள்ளி மாணவர்களிடையே நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. இரும்புச்சத்து மிகுந்த கம்பு ரொட்டியை ஆறு மாதம் உண்டவர்களில், தொடக்கத்தில் குறைபாடு இருந்தோர் அதிலிருந்து மீளும் வாய்ப்பு, சாதாரண கம்பு உண்டவர்களைவிட 1.64 மடங்கு அதிகமாக இருந்தது. ஆனால் மும்பை குடிசைப் பகுதிகளில் ஒன்று முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளிடையே பின்னர் நடந்த ஆய்வில், ஒட்டுமொத்தமாக அத்தகைய தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. மிகச் சிறு குழந்தைகள் உண்ணும் தானியத்தின் அளவு குறைவு, நோய்த்தொற்றும் அதிகம். ஆகவே எல்லா வயதினருக்கும் ஒரே பலனை எதிர்பார்க்க இயலாது.

இந்த ஆய்வுகள் கம்பில் நடந்தவை. கேழ்வரகின் மேல்தோல் தன்மை வேறு என்பதால், கம்பில் கண்ட பலனை அப்படியே கேழ்வரகுக்கும் உரியதாகக் கொள்ளலாகாது. கர்ப்பிணிகளும் ரத்தசோகை உள்ளவர்களும் மருத்துவர் பரிந்துரைத்த இரும்பு மாத்திரைகளைத் தொடர வேண்டும். சத்து மிகுந்த தானியம் அவற்றுக்கு மாற்று அன்று.

அரிசிக்கு வழி இல்லையா?

உண்டு, ஆனால் வரம்புக்கு உட்பட்டது. இரும்பு பெரும்பாலும் அரிசியின் தவிட்டில் தங்குவதால், தீட்டும்போது போய்விடுகிறது. துத்தநாகம் மணியின் உட்பகுதியிலும் பரவியிருப்பதால் தீட்டியபின்னும் ஓரளவு நிற்கும். எனவே நெல்லில் ஆய்வாளர்கள் துத்தநாகத்தையே முதன்மையாக நாடினர். ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் வெளியிட்ட டி.ஆர்.ஆர். தான் 45 ரகத்தில், தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 22.6 மில்லி கிராம் துத்தநாகம் உள்ளது. வழக்கமான ரகங்களில் இது 12 முதல் 16 மில்லி கிராம் வரை. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லி கிராம் துத்தநாகம் கூடுதலாகக் கிடைக்கும்.

தடை எங்கே நிற்கிறது?

ஆப்பிரிக்காவில் உயிரிச்செறிவூட்டலுக்குப் பெயர் வாங்கித் தந்த பயிர் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதனைப் பரப்பியதற்காகவும் இத்துறையை வளர்த்ததற்காகவும் மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ, ஹோவர்த் பூயிஸ் ஆகிய நால்வருக்கு 2016-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கிழங்கில் வைட்டமின் ஏ-வுக்கான சத்து நிறத்திலேயே தெரியும். வாங்குபவர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் நிறமில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் வேகவதியும் வழக்கமான கேழ்வரகும் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. இதன் விளைவுகள் பல.

முதலாவது, விலை. 2025-26 பருவத்துக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சத்து மிகுந்த ரகத்துக்குத் தனி விலை இல்லை. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம், கல் மண் கலப்பு, சேதமடைந்த மணி ஆகியவையே தரமாகப் பார்க்கப்படுகின்றன; இரும்பின் அளவு பார்க்கப்படுவதில்லை. ஆகவே விவசாயி அந்த ரகத்தைத் தேர்ந்தெடுக்க விளைச்சலைத் தவிர வேறு காரணம் இல்லை.

இரண்டாவது, கலப்பு. பல வயல்களின் கேழ்வரகு ஒரே மூட்டையில், ஒரே அரவை ஆலையில் ஒன்றாகிறது. சத்து மிகுந்த மணி அங்கேயே தன் அடையாளத்தை இழக்கிறது. கடையில் மாவு வாங்குபவருக்கு எந்த ரகம் என்று அறிய வழியில்லை.

மூன்றாவது, விதை. ஆய்வு நிலையத்தின் வல்லுநர் விதை, ஆதார விதையாகவும், பின்னர் சான்று விதையாகவும் பெருக்கப்பட்ட பின்னரே விவசாயியை அடைகிறது. முன்கூட்டியே கேட்பு இல்லையெனில் எந்த நிறுவனமும் பெருக்குவதில்லை. விதை கிடைக்காததால் கேட்பும் எழுவதில்லை.

இந்த மூன்றாவது தடையைத் தாண்டுவது கேழ்வரகில் ஒப்பீட்டளவில் எளிது. கம்பு அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்; பக்கத்து வயலின் மகரந்தம் கலந்து ரகத்தின் தூய்மை விரைவில் குன்றும். கேழ்வரகு தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். விவசாயியே விதையை எடுத்து வைத்துச் சில பருவங்கள் வரை பயன்படுத்தலாம். நாற்று விட்டு நடும் முறையில் ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். ஓர் ஏக்கரில் 10 குவிண்டால் விளைந்தால், அது அடுத்த பருவத்தில் 500 ஏக்கருக்கான விதையாகும். ஊருக்கு ஒரு விவசாயி முறையாக விதைப் பெருக்கத்தில் ஈடுபட்டாலே மண்டலம் முழுவதும் ஓரிரு ஆண்டுகளில் விதை பரவும்.

பள்ளியின் ராகி ஜாவா

சந்தையில் அடையாளம் இழக்கும் தானியத்துக்கு, அடையாளம் இழக்காத ஒரு பாதை ஏற்கெனவே இருக்கிறது. ஆந்திர அரசு 2023 மார்ச் 21 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வாரம் மூன்று நாட்கள் காலையில் ராகி ஜாவா வழங்கத் தொடங்கியது. கேழ்வரகு மாவும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சும் இந்தக் கஞ்சி, மாநிலம் முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கெனத் திட்டமிடப்பட்டது. எல்லைக்கு இப்பால் தமிழக அரசும் அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

ஒரு குவளை ஜாவாவில் சேரும் மாவின் அளவு குறைவு. குழந்தையின் வயிறும் சிறியது. அளவைக் கூட்ட இயலாத இடத்தில், அதே அளவில் இருக்கும் சத்தைக் கூட்டுவதே வழி. சத்து மிகுந்த ரகத்துக்குப் பள்ளி உணவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் போதுமானவை. பலமனேர், குப்பம் போன்ற பகுதிகளில் விவசாயிகள் குழுக்களிடம் வேகவதி, இந்திராவதி போன்ற குறிப்பிட்ட ரகங்களை விதைப்புக்கு முன்னரே ஒப்பந்தம் செய்து, சிறு ஊக்கத்தொகையுடன் தனியே கொள்முதல் செய்வது முதலாவது. அந்தத் தானியத்தை வேறு எதனுடனும் கலக்காமல் தனி அரவையில் மாவாக்கி, மாதிரியை ஆய்வகத்தில் சோதித்துப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் அனுப்புவது இரண்டாவது. முளைகட்டிய மாவாக வழங்குவது மூன்றாவது. மணியின் சத்தை உடல் ஏற்கும் வடிவமாக்குவது அந்த மூன்றாவது படிதான். ஆய்வு நிலையம், வேளாண் கல்லூரி, பள்ளி உணவுத் திட்டம், கேழ்வரகு விளையும் நிலம் ஆகிய நான்கும் அருகருகே அமைந்த பகுதி என்பதால், சித்தூரிலும் திருப்பதியிலும் இதனைச் செய்து பார்ப்பது கடினமன்று.

விவசாயியும் குடும்பமும் கவனிக்க வேண்டியவை

சாகுபடி செய்வோர், சத்து மிகுந்த ரகம் என்று கூறி விற்கப்படும் விதையைச் சான்று அட்டையுடன் மட்டுமே பெற வேண்டும். ரகத்தின் பெயரும் எண்ணும் அட்டையில் இருக்கும். அரசின் ரைது சேவா மையங்களிலும் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களிலும் விதை இருப்பு குறித்து விதைப்புக்கு முன்னரே கேட்டுப் பதிவு செய்வது, விதைப் பெருக்கத்துக்கான கேட்பையும் உருவாக்கும். துத்தநாகக் குறைபாடுள்ள நிலத்தில் எந்த ரகமும் முழுச் சத்தைச் சேர்க்க இயலாது என்பதால் மண் பரிசோதனை அவசியம். அறுவடைக்குப்பின் தார்ச்சாலையில் அல்லாமல் தார்ப்பாய் விரித்த களத்தில் அடித்தால் தூசும் கல்லும் கலப்பதைத் தவிர்க்கலாம்.

சமைப்போருக்கு, புதிய ரகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. வழக்கமான கேழ்வரகே வெள்ளை அரிசியைவிட இரும்பில் ஏழு மடங்கு மேலானது. முளைகட்டியோ புளிக்கவைத்தோ சமைத்து, கீரையும் எலுமிச்சையும் சேர்த்து, தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் கிடைக்கும் பயன் கூடும்.

ஐ.நா. பொதுச்சபை 2023-ஐ பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, அதனை முன்மொழிந்த நாடு இந்தியா. ஆண்டு முடிந்துவிட்டது, ரகங்கள் ஆய்வு நிலையங்களில் உள்ளன. அடுத்த காரிப் பருவத்தில் எத்தனை ஏக்கரில் அந்த விதை விழுகிறது என்பதும், விளைந்த மணி தன் பெயர் மாறாமல் பள்ளிச் சமையலறையை அடைகிறதா என்பதுமே இனி பார்க்க வேண்டியவை.